தொண்டை அடைப்பு, பாளையங்கோட்டை

ஜூன் 3, செவ்வாய்

காலை ஆறேகாலுக்குக் குறுக்குத்துறையில் இருந்தேன். ஆற்றில் தண்ணீர் நிறைய. கல்மண்டபத்தின் நிழல் தண்ணீரில் ஒழுங்காக விழுவது இருபது நிமிடம்தான். அதற்குள் முதல் பூச்சை முடித்துவிட வேண்டும். முடித்தேன். குளிக்க வந்த ஒருவர் சோப்பும் கையுமாகப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஏன் சார், இத்தனை பேரு குளிச்சிக்கிட்டு இருக்கோம், படத்துல ஒருத்தரையும் காணோமே?" என்றார். எதை வரைகிறோம் என்பதைவிட எதை விடுகிறோம் என்பதில்தான் கலை இருக்கிறது என்று விளக்கினேன். "சரி சார்" என்று சொல்லித் தண்ணீரில் குதித்துவிட்டார்.

பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்ததும் மதுரையிலிருந்து ஃபோன். நீலக்கதவு ஓவியக்கூடம் நடத்தும் மீனலோசனி. ஜூலை 25 தொடங்கிப் பத்து நாள் என் நீர்வண்ணப் படங்களுக்குத் தனிக் கண்காட்சி! ஒன்பது வருடமாகிறது எனக்குத் தனிக் கண்காட்சி அமைந்து. இருபது படம் வேண்டுமாம். கையில் உருப்படியாக இருப்பது பதினொன்று.

சமையலறைக்கு ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். "இருபதா? அப்ப இன்னும் ஒம்பது போடணும்லா. சாரல் பிடிக்க முன்னால போட்டு முடிங்க. பொறவு பேப்பரு காயலன்னு மொனங்குவிய" என்றாள். பிரம்மசக்தி பேசினால் பாராட்டு அதற்குள் எங்கோ இருக்கும். நாம்தான் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். முப்பத்துநான்கு வருடம் நர்ஸாக இருந்து மார்ச் மாதம்தான் ஓய்வு பெற்றாள்.

கண்காட்சி முடியும்வரை தினமும் எழுதுவது என்று இந்த நோட்டை வாங்கியிருக்கிறேன். பிற்காலத்தில் ஓவியர் ஆவுடைநாயகத்தைப் பற்றி யாராவது எழுத நினைத்தால் உதவும்.

ஜூன் 8, ஞாயிறு

"காஞ்சு போன கலர் ஏதும் இருந்தா குடுங்களேன், பொழுது போகல்ல" என்றாள் பிரம்மு. பாறையாக இறுகிக் கிடந்த நாலு வண்ணக்கட்டியும், நுனி தேய்ந்த ஆறாம் நம்பர் தூரிகையும் கொடுத்தேன். யாரோ எப்போதோ கொடுத்த கெட்டித்தாள் நோட்டு ஒன்றைத் தேடி எடுத்துச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். தூரிகையை ஊசி மாதிரி பிடிக்கிறாள்.

முதலில் வானம் பழகு என்றேன். "வானத்தை நான் எங்க பாத்தேன்? எப்பவும் வார்டுக்குள்ளதான கெடந்தேன்" என்று சொல்லி, பெஞ்சில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவரைப் போட்டாள். அடியில் குண்டு குண்டான எழுத்தில் 'மூட்டு வலி, ஆழ்வார்குறிச்சி' என்று எழுதினாள்.

"இது என்ன தலைப்பு?"

"அந்தத் தாத்தா பேரு மறந்துட்டு. நோவும் ஊரும் மறக்கல்ல."

நல்லா இருக்கு என்றேன். புதிதாகப் பழகுகிறவர்களிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 11, புதன்

மண்டபப் படத்தில் வண்ணம் கலங்கிச் சேறாகிவிட்டது. கிழித்துப் போட்டேன். ரேஷன் கடைக்குப் போய்ப் பருப்பு வாங்கி வந்தேன்.

ஜூன் 14, சனி

மாடியில் மின்விசிறி நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் போகும்போது சாப்பாட்டு மேசைப் பக்கம் நின்றுவிட்டார். பிரம்முவின் நோட்டு திறந்து கிடந்தது. 'இடுப்புப் பிடிப்பு, முக்கூடல்'.

"எக்கா, இது எங்க பெரியப்பால்லா! இடுப்பு பிடிச்சா இப்படித்தான் ஒரு கையைக் கதவுல ஊணிக்கிட்டு நிப்பாவ. மூச்சு விடக்கூட யோசிப்பாவ" என்றார்.

"ஒங்க பெரியப்பாவை எனக்குத் தெரியாதே தம்பி."

"இல்லக்கா. அவியதான் இது."

மாடியில் அவர் ஏணி போட்டிருந்த இடத்திலிருந்து மூன்றடியில் என் படம் இருந்தது. ஆறு நாள் வேலை. அதை அவர் ஏணியோடு ஏணியாகத்தான் பார்த்திருப்பார். நான் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. மின்விசிறி இப்போது நன்றாகச் சுற்றுகிறது.

ஜூன் 19, வியாழன்

மீனலோசனி வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் அளவு நாடாவும் பென்சிலுமாக வந்தார். மாடியில் என் படங்களை ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்துப் பார்த்தார். "ரொம்பச் சுத்தமா இருக்கு சார்" என்றார். சுத்தம் என்பது நீர்வண்ணத்தில் மிகப் பெரிய குணம். எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

காப்பி குடிக்கக் கீழே வந்தவர் பிரம்முவின் நோட்டை இழுத்துப் புரட்ட ஆரம்பித்தார். காப்பியில் ஆடை படிந்துவிட்டது. ஒரு பக்கத்தைப் பார்ப்பார், திரும்ப முன் பக்கத்துக்குப் போவார். பிரம்மு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சமையலறை வாசலில் நின்றாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் வெளியே டாக்ஸிக்காரர் ஹாரன் அடிக்க, மீனலோசனி அவசரமாகக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஜூன் 21, சனி

மீனலோசனி ஃபோன் செய்தார். பெரிய கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை இருக்கிறதாம். அதில் பிரம்முவின் படங்கள் எட்டை வைக்க ஆசையாம். "நோட்டுத் தாளையே அப்படியே ஃப்ரேம் போட்டுக்கலாம் சார். ராத்திரியெல்லாம் அந்த ஆளுங்க ஞாபகமாவே இருந்துச்சு. மேடம் நம்பர் என்கிட்ட இல்ல, நீங்க கேட்டுச் சொல்றீங்களா?" என்றார்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பிரம்மு அப்போது காய் வாங்கப் போயிருந்தாள். வந்ததும் சொல்ல வேண்டும்.

தூரிகைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். தண்ணீர்க் கோப்பைகளைக் கழுவினேன். மாடிப்படியைக்கூடக் கழுவினேன்.

ஜூன் 22, ஞாயிறு

மறந்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

இன்றும் சந்தர்ப்பம் அமையவில்லை. அவள் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் எதைச் சொல்ல?

ஜூன் 26, வியாழன்

மீனலோசனி மறுபடியும் அழைத்தார். "மேடம் என்ன சொன்னாங்க சார்?"

அவளுக்கு அதில் விருப்பமில்லை, பொழுதுபோக்குக்குப் போடுகிறாள் என்று சொன்னேன்.

எழுதிப் பார்த்தால் அப்படியொன்றும் தவறாகத் தெரியவில்லை. பொழுதுபோக்குக்குத்தான் போடுகிறாள். அவளே சொன்னது. இரண்டரை வாரம் தூரிகை பிடித்தவளை நாலு பேர் பார்க்க நிறுத்துவது அவளுக்கே நல்லதில்லை. யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் தாங்கமாட்டாள். நான் நாற்பது வருடம் தாங்கியிருக்கிறேன்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. கத்தரிக்காய் சரியில்லை.

ஜூன் 30, திங்கள்

காலையில் தாளை நனைத்துப் பலகையில் ஒட்டும் வேலை. பிரம்மு உதவிக்கு வந்தாள். பசைப்பட்டையை இழுத்துக் கட்டுப்போடுவது மாதிரி ஒட்டுகிறாள். ஒரு சுருக்கம் கிடையாது. நான் ஒட்டினால் அப்பளம் மாதிரி எழும்பிக்கொள்ளும்.

கீழே வந்தபோது சாப்பாட்டு மேசை துடைத்து வெறுமையாகக் கிடந்தது. நோட்டு எங்கே என்று கேட்டேன்.

"பரண்ல போட்டுட்டேன்."

"ஏன்?"

"அந்தப் பிள்ளை அவ்வளவு நேரம் பாத்துச்சு. ஒரு வார்த்தை சொல்லல்ல பாத்தியளா. அதுக்குப் பொறவும் ஒரு ஃபோன் இல்ல, ஒண்ணு இல்ல. நல்லா இருந்தா சொல்லாமலா போகும்? மனசு நோகக்கூடாதுன்னு பேசாமப் போயிருக்கு. தங்கமான பிள்ளை." வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். "எனக்கே தெரியும். சும்மா கிறுக்குனதுதான. நீங்களும் எனக்காண்டி நல்லா இருக்கு நல்லா இருக்குன்னிய."

நான் மாடிக்கு வந்துவிட்டேன். சுருக்கமில்லாத அந்தத் தாளின் முன்னால் மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு பொட்டு வைக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஆற்றுக்குப் போகவில்லை. வண்டியில் பெட்ரோல் இருந்தது.

ஜூலை 3, வியாழன்

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வியாழக்கிழமைதோறும் பிரம்மு எனக்குப் பிரஷர் பார்ப்பாள். இன்று காலை என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றி, காதில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு பம்பை அமுக்கினாள். நெற்றி சுருங்கியது. "நூத்தி அறுவது காட்டுது. என்ன தின்னிய? ஊறுகாயை எடுத்தியளா?"

அப்போதுதான் சொன்னேன். மீனலோசனி கேட்டது, நான் சொல்லாதது, அவளுக்கு விருப்பமில்லை என்று நானாகச் சொன்னது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவள் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தாள். "என்னது? காதுல இதை மாட்டியிருந்தேன். இன்னொரு மட்டம் சொல்லுங்க."

இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டம். ஒரே மூச்சு போதவில்லை. நடுவில் இரண்டு தடவை தண்ணீர் கேட்டேன். அவள் எடுத்துத் தரவில்லை.

"பன்னெண்டு நாளு" என்றாள். குரல் உயரவே இல்லை. "பன்னெண்டு நாளா இந்தக் கையைப் பாத்துப் பாத்து, இது ஊசி போடத்தான் லாயக்குன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். வெங்காயம் உரிக்கும்போது நீங்க என் எதுக்கத்தான நின்னிய? அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?"

"பயமாயிட்டு பிரம்மு."

"என்ன பயம்?"

"நீ என்னையவிட நல்லாப் போடுத."

இதை நான் வாய்விட்டுச் சொன்னேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சொன்னேன். ஏனென்றால் அவள் கையிலிருந்த ரப்பர் பம்ப் அப்படியே நின்றது. பிறகு பட்டையைச் 'சர்ர்'ரென்று பிரித்தெடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

பரணில் ஏணி சாய்க்கும் சத்தம் கேட்டது. பிடிக்கப் போனேன். "வர வேண்டாம்" என்றாள். நோட்டோடு இறங்கி, என் ஃபோனில் நம்பரை எடுத்து மீனலோசனியை அவளே அழைத்தாள். எல்லாவற்றையும் சொல்லப்போகிறாள் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஆமாம்மா, மொதல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். இப்ப மனசு மாறிட்டு. இன்னும் எடம் இருக்காம்மா?" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது. "அப்படியா சொல்லுதிய... அப்படியா" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஃபோனை வைத்துவிட்டு என்னிடம், "எட்டு வேணும்கு. ஏழுதான் தேறும். எட்டாவதுக்கு நீங்க உக்காருங்க" என்றாள்.

"எங்க?"

"இப்ப உக்காந்திருந்தியள்லா, கட்டில்ல. அதே மாதிரி."

ஜூலை 4, வெள்ளி

காலை ஒன்பது முதல் பதினொன்றரைவரை கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். "கொஞ்சம் வலிக்கும், அசையாதிய" என்று சொல்லித்தான் ஆரம்பித்தாள். பேசக்கூடாது, வண்ணம் பற்றி யோசனை சொல்லக்கூடாது, படத்தை எட்டிப் பார்க்கக்கூடாது. கடைசியில் தலைப்பும் அவள் வைப்பதுதான்.

என்னோடு அவள் பேசியது இவ்வளவுதான். மத்தியானம் ரசமும் அப்பளமும்.

ஜூலை 5, சனி

மறுபடியும் கட்டில். இடது தோள் எனக்குத் தாழ்வாம். முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்து இன்றுதான் சொல்கிறாள். கண்ணாடியில் பார்த்தேன். தாழ்வுதான்.

ஜூலை 7, திங்கள்

உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்று தெரிந்துகொண்டேன். ஒருவரைப் பார்த்து வரைவது என்றால் இவ்வளவு நேரம் அவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கல்மண்டபம் என்னைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. அதனால்தான் நாற்பது வருடமாக அதன் முன்னால் உட்கார எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கிறது.

காலையில் ஆற்றில் ஒரு படம் முடித்தேன். படித்துறைப் பக்கம் தூரிகையிலிருந்து காவி ஒரு சொட்டு விழுந்துவிட்டது. ஒற்றி எடுக்கப் போனேன். பார்த்தால் ஒரு ஆள் குனிந்து துண்டு பிழிகிற மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன். படத்தில் இப்போது தண்ணீருக்கே ஒரு ஈரம் வந்த மாதிரி இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

பிரஷர் நூற்று முப்பது. "கொறஞ்சிட்டு" என்றாள். முகத்திலும் கொஞ்சம் குறைந்திருந்தது. மத்தியானம் கூட்டு வைத்தாள்.

ஜூலை 12, சனி

படம் முடிந்தது. பார்க்க விட்டாள்.

கட்டில் விளிம்பில் ஒரு ஆள். இரண்டு கையும் முட்டியில். சட்டையின் மேல் பொத்தான் திறந்திருக்கிறது. வாய் மூடியிருக்கிறது, ஆனால் உள்ளே ஏதோ ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு மூடிய வாய். அறுவை சிகிச்சை அறை வாசலில் உட்கார்ந்திருக்கிற உறவுக்காரர்களை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். அந்த உட்காரல். முழுக்கோபத்தில் இருந்தவள் போட்ட படம்தான். ஆனால் அந்த ஆள்மேல் எனக்கே இரக்கம் வந்துவிட்டது.

அடியில்: 'தொண்டை அடைப்பு, பாளையங்கோட்டை'.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

நல்லா இருக்கு என்று வாய்வரை வந்துவிட்டது. நிறுத்தினேன். "கை பெரிசாப் போயிட்டு. கட்டில் கால் ஒண்ணு அந்தரத்துல நிக்கி. முகம்... முகத்தை என்னால சாவுறமட்டும் இப்படிப் போட முடியாது."

படத்தின் மேல் குனிந்தாள். "கட்டில் காலை ஒத்துக்கிடுதேன். கை ஒங்க கைதான். பெரிசுதான் அது." என் கையை இழுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அளவு சரியாக இருந்தது. சிரித்துவிட்டாள். ஒன்பது நாளைக்குப் பிறகு.

சாயங்காலம் கட்டில் காலைத் தரையில் எப்படி ஊன்ற வைப்பது என்று நிழல் போட்டுக் காட்டினேன். என்னுடைய நல்ல எட்டாம் நம்பர் தூரிகையைக் கேட்டாள். கொடுத்தேன். இரவல்தான் என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

பதினெட்டுப் படம் தேறியது. இருபது வரவில்லை. கடைசி ஆறில் ஆட்கள் இருக்கிறார்கள். எல்லோருமே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவசரப்படக்கூடாது.

ஜூலை 25, வெள்ளி, மதுரை

திறப்பு. பெரிய கூடத்தில் என் படங்கள், சின்ன அறையில் அவளுடையவை. வந்தவர்கள் என் படங்களைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாகப் பார்த்தார்கள். சின்ன அறைக்குள் போனதும் கை அவிழ்ந்துவிடுகிறது. ஒருவரை ஒருவர் இடித்து, "ஏய், இது நம்ம அத்தை மாதிரி இல்ல?" என்கிறார்கள். ஒரு அம்மா 'மூட்டு வலி'யைப் பார்த்துத் தன் முட்டியைத் தடவிக்கொண்டார்.

பிரம்மு மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் மூலையில் நின்று எல்லோருக்கும் பதில் சொன்னாள். அந்தத் தாத்தாவுக்கு அப்புறம் சரியாயிற்றா என்று ஒருவர் விடாமல் கேட்கிறார்கள். படம் எப்படி வரைந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு எரிச்சல் வரும் என்று காத்திருந்தேன். கொஞ்சம் வந்தது. ஒரு டீ குடித்தேன். பிறகு ஒரு கல்லூரிப் பெண், துண்டு பிழிகிற ஆள் இருக்கும் படத்தின் முன்னால் கால்மணி நேரம் நின்றாள். இன்னொரு டீ வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கடைசி நாள். மதியத்துக்கு மேல் படங்களை இறக்கிக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தோம். என்னுடையதில் ஐந்து போயிற்று. அவளுடையதில் எட்டும்.

'தொண்டை அடைப்பு' படத்தை வாங்கியவர் நேரில் எடுத்துப்போக வந்தார். விருதுநகரில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராம். தலைப்பைப் பார்த்தே வாங்கிவிட்டேன், என் கிளினிக்கில் மாட்டப்போகிறேன் என்றார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"சார், இது நீங்கதானே? தொண்டையில உங்களுக்கு என்ன கம்ப்ளெயிண்ட்?"

மீனலோசனி பக்கத்தில் நின்று டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். பிரம்மு சட்டென்று, "அது சும்மா டாக்டர், படத்துக்கு வச்ச பேரு" என்றாள். என்னைக் காப்பாற்றுகிறாள் என்று தெரிந்தது. ஒரு மாதமாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

"சும்மா இல்ல டாக்டர்" என்றேன். "சொல்ல வேண்டிய ஒண்ணைப் பன்னெண்டு நாள் சொல்லாம வச்சிருந்தேன்." மீனலோசனி பக்கம் திரும்பினேன். "அம்மா, இவளுக்கு விருப்பமில்லன்னு அன்னைக்கு ஃபோன்ல சொன்னேம்லா, அது பொய். நீங்க கேட்டதையே நான் இவகிட்டச் சொல்லல்ல. பொறாமை. மனசு மாறிட்டுன்னு இவ ஒங்ககிட்டச் சொன்னது என்னையக் காப்பாத்த."

டேப் ஒட்டும் சத்தம் நின்றது. மீனலோசனி என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. நன்றாக இருக்க நியாயமும் இல்லை. "இந்த எட்டுப் படமும் பரண்லயே கெடந்திருக்கும் சார்" என்றார். "ஆமாம்மா" என்றேன். டேப்பைக் கீழே வைத்துவிட்டுப் பிரம்முவிடம், "மேடம், உங்க நம்பரை என் ஃபோன்ல நீங்களே போட்டுக் குடுங்க. இனிமே நேரா உங்ககிட்டத்தான்" என்றார். பிரம்மு போட்டுக் கொடுத்தாள்.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்ப முழுங்குறதுக்குக் கஷ்டம் ஏதும் இருக்கா சார்?"

"இல்ல."

"அப்ப சரியாயிடுச்சு. நான் வாங்கிட்டுப் போறது பழைய எக்ஸ்ரே." படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். மீனலோசனிகூடச் சிரித்துவிட்டார். நான் விருதுநகருக்குப் போய்க்கொண்டிருப்பதை வாசலில் நின்று பார்த்தேன்.

திருநெல்வேலி பஸ்ஸில் பிரம்மு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சாத்தூர் வரை டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தப் பிள்ளைகிட்ட சொல்லியிருக்க வேண்டாம்லா. நான்தான் மூடி வச்சிருந்தேனே" என்றாள்.

"நீ மூடி வச்சதாலதான் சொன்னேன்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு எழுந்து, "இங்கிட்டு வாங்க, காத்து வரும்" என்று ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தாள்.

கோவில்பட்டி தாண்டியதும் கரிசல் காட்டுக்கு மேல் வானம் சிவந்தது. "பாத்தியா, நல்ல காவி" என்றேன். "காவியா? நல்லாப் பாருங்க. டிங்சர் அயோடினு" என்றாள். காவியில் மஞ்சள் கலந்தால் வருகிற நிறம் அது என்று விளக்கினேன். முப்பத்துநாலு வருடம் பஞ்சில் தொட்டுத் தொட்டுப் பார்த்த நிறம் தனக்குத் தெரியாதா என்று கேட்டாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கயத்தாறு வரை விடாமல் சண்டை போட்டோம்.

டிங்சர் அயோடின்தான். எனக்கு அது பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. கங்கைகொண்டான் வந்ததும் அவளிடம் சொல்லிவிட்டேன்.